சந்தானம், சூரி, யோகிபாபு: காமெடியன் ஹீரோவானால் எங்கே எடுபடுகிறது, எங்கே வழுக்குகிறது?

அகஸ்தியா பால்கனி (தண்டையார்பேட்டை)

2025 மே 16-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வெள்ளிக்கிழமை. சூரிக்கு 'மாமன்', சந்தானத்துக்கு 'டிடி நெக்ஸ்ட் லெவல்', யோகிபாபுவுக்கு 'ஜோரா கைய தட்டுங்க'. மூன்று பேருமே ஒரு காலத்தில் ஹீரோவின் தோளுக்குப் பின்னால், போஸ்டரின் கீழ் மூலையில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தவர்கள். இப்போது ஆளுக்கொரு போஸ்டர், நடுவில் அவர்களே.

சந்தானம் ஹீரோவானதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 'லொள்ளு சபா' காலத்திலேயே நிகழ்ச்சியை இழுத்துக்கொண்டு போனவர் அவர். சூரி கதை வேறு. காமெடியனாக இருந்தபோதே அவர்மேல் நமக்குப் புகார்தான் அதிகம். 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்', 'ரஜினிமுருகன்' வரைக்கும் சிரித்தோம். 'அண்ணாத்த' வந்தபோது அவர் வாயைத் திறந்தாலே செல்போனை எடுத்தோம். அதே ஆள் 2023 மார்ச் 31-இல் 'விடுதலை' முதல் பாகத்தில் கான்ஸ்டபிள் குமரேசனாக வந்து நின்றார். ராயபுரம் ஐட்ரீமில் பார்த்தேன். சிரிக்கத் தயாராக வந்த கூட்டம் பத்தாவது நிமிடத்திலேயே அடங்கி உட்கார்ந்துவிட்டது.

எனக்குத் தோன்றுவது இது. சூரி புதிதாக ஒரு ஆளாக மாறவே இல்லை. 2009-இல் வந்த 'வெண்ணிலா கபடிக்குழு' பரோட்டாக் காட்சியை மறுபடி பாருங்கள். ஐம்பது பரோட்டா பந்தயம். கணக்கில் தகராறு வந்ததும், கோட்டையெல்லாம் அழி, முதலிலிருந்து சாப்பிடுகிறேன் என்கிறார். அந்த ஆள் யார்? ஏமாற்றப்படுகிறவன், கைகலப்புக்குத் தெம்பில்லாதவன், ஆனால் தன் பக்கம்தான் நியாயம் என்பதில் துளி சந்தேகம் இல்லாதவன். குமரேசனும் அவனேதான். காயம்பட்ட மலைக்கிராமத்துப் பெண்ணை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதற்கு மன்னிப்புக் கேள் என்கிறார் மேலதிகாரி. தப்பே செய்யவில்லையே என்று மறுக்கிறான். கொடுக்கிற தண்டனையை எல்லாம் வாங்கிக்கொள்கிறான், மன்னிப்பை மட்டும் தரமாட்டேன் என்கிறான். வெற்றிமாறன் அந்தப் பரோட்டாக்காரனிடமிருந்து சிரிப்பை மட்டும் கழற்றிவிட்டார். 'கருடன்' சொக்கனும் அந்த வகைதான். முதலாளிக்கு விசுவாசம், வாயில் பொய் வராது, இரண்டும் மோதும்போது ஆள் உடைகிறான்.

ஆகவே என் கட்சி: காமெடியனாக இருந்தபோது எந்த இடத்தில் நின்றாரோ, அதே இடத்தில் நிற்க வைத்துக் கதை எழுதினால் நிற்பார். டான்ஸ், பஞ்ச், ஃபாரின் பாட்டு என்று ஹீரோவின் சட்டையை இரவல் வாங்கிப் போட்டால் வழுக்கும். மறுப்பவர்கள் வரலாம்.

காசிமேடு காத்து

வந்துட்டேன் தலைவா.

சூரி பெயரைச் சொல்லிச் சந்தானத்தைக் குத்துவது இங்கே வழக்கமாகிவிட்டது. சூரிக்கு வெற்றிமாறன் கிடைத்தார், ஆர்.எஸ். துரை செந்தில்குமார் கிடைத்தார், பி.எஸ். வினோத்ராஜ் கிடைத்தார். சந்தானத்துக்கு யார் கிடைத்தார்கள்? தானே தேடி, 'லொள்ளு சபா' இயக்கிய ராம்பாலாவைக் கூட்டிவந்து 2016-இல் 'தில்லுக்கு துட்டு' எடுத்தார். அது ஓடியது. 2019-இல் இரண்டாம் பாகம், ஓடியது. 2023-இல் அதே வரிசையில் 'டிடி ரிட்டர்ன்ஸ்', அதுவும் ஓடியது. நடுவில் 'ஏ1'. பெரிய டைரக்டர் யாரும் கைதூக்கி விடாமல் பத்து வருடம் ஹீரோவாக நிற்பது சின்ன விஷயமா?

அப்புறம் நம்ம ஏரியாவுக்கு வருவோம். 'பாரிஸ் ஜெயராஜ்' படத்தில் கானா பாடகனாக நடித்தார். சினிமாவில் வடசென்னை ஹீரோ என்றால் கையில் கத்தி இருக்க வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கத்தி இல்லாமல் பாட்டோடு நம்ம ஆளைக் காட்டிய கமர்ஷியல் படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்காகவே அவருக்கு என் ஓட்டு.

அகஸ்தியா பால்கனி

காத்து, 'டகால்டி', 'பிஸ்கோத்', 'சபாபதி', 'ஏஜென்ட் கண்ணாயிரம்', 'கிக்', '80ஸ் பில்டப்' இவையெல்லாம் யார் படம் என்று உங்கள் வாயால் கேட்க ஆசை.

காசிமேடு காத்து

எல்லா ஹீரோவுக்கும் அந்த மாதிரி ஒரு பட்டியல் இருக்கிறது. சூரியும் இன்னும் பத்துப் படம் நடிக்கட்டும், அவர் பட்டியலையும் பார்ப்போம்.

பழைய ஆபரேட்டர் (கொருக்குப்பேட்டை)

தம்பிகளா, ப்ரொஜெக்டர் ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்த ஆள் நான். அங்கிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிலிம் காலத்தில் ஒரு ரீல் ஆயிரம் அடி, பத்துப் பதினோரு நிமிடம் ஓடும். எந்த ரீலில் ஜனம் எழுந்து வெளியே போகும், எந்த ரீலுக்குத் திரும்பி வரும் என்று இரண்டாம் நாளே எங்களுக்கு மனப்பாடம். பாட்டுக்கு எழுந்து போவார்கள். கவுண்டமணி குரல் கேட்டால் பீடியைப் பாதியில் மிதித்துவிட்டு ஓடிவருவார்கள். படத்தை வாங்க வரும் விநியோகஸ்தர் ஹீரோ யார் என்று கேட்ட கையோடு, கவுண்டமணி செந்தில் உண்டா என்று கேட்ட காலம் அது.

அந்தக் காமெடி பெரும்பாலும் தனி டிராக். கதையை டைரக்டர் பார்த்துக்கொள்வார், காமெடியை எழுத வேறு ஆள் இருப்பார். 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காமெடியைத் தெரியாத தமிழன் இல்லை. அதை எழுதிய ஏ. வீரப்பன் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் வேறு வீரப்பனை நினைப்பார்கள். கதையோடு ஒட்டாமல் தனியாக நிற்பதால்தான் அவற்றை வெட்டி எடுத்து டிவியில் ஓட்ட முடிகிறது. ஆதித்யா, சிரிப்பொலி மாதிரி சேனல்களுக்குப் பிழைப்பே அதுதான்.

இதில் காமெடியனுக்கு ஒரு பாதகம் இருக்கிறது. அவருக்குக் கைவந்த நீளம் நாலைந்து நிமிடம். உள்ளே வந்து, சிரிக்க வைத்து, வெளியே போக வேண்டும். ஹீரோவானால் இரண்டேகால் மணி நேரம் வெளியே போக முடியாது. இடைவேளைக்குப் பிறகு கதை வலிக்க ஆரம்பிக்கும்போதுதான் தெரியும், இவரிடம் வேறு சரக்கு இருக்கிறதா இல்லையா என்று.

இன்னொன்று. காமெடியன்களில் இரண்டு சாதி உண்டு. ஒருவர் அடி வாங்கிச் சிரிக்க வைப்பவர்: நாகேஷ், வடிவேலு, சூரி, யோகிபாபு. இன்னொருவர் அடி கொடுத்துச் சிரிக்க வைப்பவர்: கவுண்டமணி, சந்தானம். அடி வாங்குகிற ஆளுக்குக் கதை தானாகவே கிடைக்கும். ஏன் அடித்தான், திருப்பி அடிப்பானா, இதுவே கதைதானே. கலாய்க்கிற ஆளுக்கு அப்படி இல்லை. அவருக்கு மேலே ஒருவர் இருக்க வேண்டும், அவரை இவர் கீழே இழுக்க வேண்டும். 'பாஸ் என்கிற பாஸ்கரன்' படத்தில் சலூன் வைத்திருக்கும் நல்லதம்பி வாயைத் திறந்தால் ஆர்யா காலி. அங்கே ஹீரோ ஆர்யா என்பதால்தான் அந்தச் சிரிப்பு. 'ஒரு கல் ஒரு கண்ணாடி'யில் உதயநிதிக்கும் அதுவே நடந்தது. இப்போது சந்தானமே ஹீரோ. மேலே யார் இருக்கிறார்கள் கலாய்க்க? மொட்டை ராஜேந்திரனையும் முனீஸ்காந்தையும் எவ்வளவு நேரம்தான் கலாய்ப்பது?

காசிமேடு காத்து

அண்ணே, நீங்கள் சொன்னதை வைத்தே நான் பதில் சொல்கிறேன். மேலே ஆள் இல்லை என்றுதான் பேயைக் கொண்டுவந்தார்! 'தில்லுக்கு துட்டு' வரிசை ஓடியதற்குக் காரணமே அதுதான். படத்தில் இருப்பதிலேயே பெரிய ஆள் பேய். எல்லாரும் அதற்குப் பயப்படுவார்கள், இவர் அதைக் கலாய்ப்பார். ஆர்யா நின்ற இடத்தில் பேய் நிற்கிறது. 'டிடி ரிட்டர்ன்ஸ்'இல் விளையாட்டுக்கு விதி போட்டு ஆளைக் கொல்லும் பேய்களிடமே இவர் வாயாடுகிறார்.

பழைய ஆபரேட்டர்

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. அப்படியானால் பேய் இல்லாத படம் ஏன் படுக்கிறது என்பதற்கும் அதுவே விடை.

ஐசிஎஃப் குவார்ட்டர்ஸ் (பெரம்பூர் பக்கம்)

நான் ஓய்வு பெற்றவன், நேரம் நிறைய இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விவாதம் 2025-இல் பிறந்த மாதிரி பேசுகிறீர்கள். தேங்காய் சீனிவாசன் எங்கள் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ரயில்வே நாடகக் குழுவில் வேஷம் கட்டி, அப்புறம் 'கல் மணம்' நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக வந்து, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. 'காசேதான் கடவுளடா'வில் 1972-இல் போலிச் சாமியாராக வந்து படத்தையே தூக்கிக்கொண்டு போனார். 1974-இல் 'கலியுகக் கண்ணன்'. அதில் அவர்தான் கதையே. ஆனால் அதற்குப் பிறகு ஹீரோவாக மட்டும்தான் நடிப்பேன் என்று உட்கார்ந்தாரா? இல்லை. அடுத்த படத்தில் காமெடி, அதற்கடுத்ததில் வில்லன், குணச்சித்திரம் என்று போய்க்கொண்டே இருந்தார்.

நாகேஷும் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர்தான். 1964-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'காதலிக்க நேரமில்லை'யில் படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பா. அதே வருடம் 'சர்வர் சுந்தரம்'. அடுத்த வருடம் 'திருவிளையாடல்' தருமி, அதே 1965-இல் பாலசந்தரின் முதல் படம் 'நீர்க்குமிழி'யில் நாயகன். ஒருவர் ஒரே மூச்சில் இரண்டையும் செய்தார், ஜனமும் குழம்பவில்லை. தருமியாகப் புலம்பியவரை 1968-இல் 'எதிர்நீச்சல்' மாடிப்படி மாதுவாகப் பார்த்து அழுதார்கள்.

இன்றைக்கு அந்த வசதி இல்லை. சூரி ஹீரோவானதும் பழைய பாணி நண்பன் வேடங்கள் நின்றுவிட்டன. சந்தானமும் பத்து வருடம் அதைத்தான் செய்தார். ஒரு பக்கக் கதவைத் திறந்ததும் மறுபக்கக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். நஷ்டம் யாருக்கு? மற்ற ஹீரோக்களின் படங்களுக்கு. சந்தானம் போன பிறகு அந்த நண்பன் இடத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் சந்தானத்தைப் போலவே பேசப் பார்த்தார்கள், ஒருவரும் தேறவில்லை.

எல்லாருக்கும் நாகேஷ் யோகம் இருந்தது என்றும் சொல்லமாட்டேன். சந்திரபாபு 1966-இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தைத் தானே இயக்கி, தானே நாயகனாக நடித்தார். கதவு திறக்கவில்லை. ஆடத் தெரியும், பாடத் தெரியும், அழ வைக்கவும் தெரியும். திறமைக்குறை என்று அவர் விஷயத்தில் எவனும் சொல்ல முடியாது. அதனால் பால்கனி தம்பியின் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது.

மதுரைக்காரி (வாக்கப்பட்டது வியாசர்பாடி)

நான் சூரி ஊர்ப்பக்கம். ராஜாக்கூர் எங்கள் அம்மா வீட்டிலிருந்து பக்கம்தான். அதனால் பாரபட்சம் உண்டு, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு பேர் எழுதியும் 'கொட்டுக்காளி'யைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. 2024-இல் பெர்லின் விழாவுக்குப் போன படம், ஆகஸ்ட் 23-இல் இங்கே வந்தது, சில நாளிலேயே காட்சிகளைக் குறைத்துவிட்டார்கள். பின்னணி இசையே கிடையாது. ஒரு காமெடியனின் முதல் ஆயுதம் குரல். சூரிக்கு அந்த இழுவைக் குரலும் மதுரைப் பேச்சும்தான் மூலதனம். பாண்டி வேஷத்தில் அதையே பிடுங்கிவிட்டார் வினோத்ராஜ். தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, கரகரத்த குரலில் படம் முழுக்கப் பேசுகிறார். அந்த ஆளைப் பார்த்தால் பாவமாகவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. பொம்பளையை அடிக்கிற ஆள். பால்கனி அண்ணன் சொல்கிற 'அடி வாங்குகிற நல்லவன்' கணக்கு இங்கே அடிபட்டுப் போகிறது. என்னைக் கேட்டால் அவர் நடிகரானது இந்தப் படத்தில்தான். 'விடுதலை'யில் நல்ல ஆளாக இருந்தார், நாம் அவர் பக்கம் நிற்பது சுலபம். இங்கே நிற்க முடியாது, ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது.

'மாமன்' கதையும் அவருடையதே. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்களும் சேர்ந்து போய் அழுதுவிட்டு வந்தோம். படமாக 'கொட்டுக்காளி' பக்கத்தில் வராது, கொஞ்சம் சீரியல் வாடை. ஆனால் பெண்களைத் தியேட்டருக்கு வர வைத்தது. அது ஓட வேண்டும் என்று மதுரையில் ரசிகர்கள் மண்சோறு சாப்பிட்டார்கள். சூரியே அவர்களைக் கண்டித்தார். பரோட்டா தின்று பெயர் வாங்கியவருக்காக மண்சோறு தின்கிறார்கள். ஹீரோ ஆகிவிட்டார் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

போகிற போக்கில் ஒரு கேள்வி. காமெடி நடிகை நாயகியானதைப் பற்றி ஏன் ஒரு இழையும் இங்கே வருவதில்லை? ஆச்சி மனோரமா 1963-இலேயே 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி. கோவை சரளா 2022-இல் 'செம்பி'யில் மலைக்காட்டுப் பாட்டியாகப் படத்தைத் தோளில் சுமந்தார். அதை ஒரு நாள் பேசிவிட்டு விட்டார்கள்.

ஐசிஎஃப் குவார்ட்டர்ஸ்

நியாயமான கேள்வி அம்மா. மனோரமாவுக்குத் தனி இழை தொடங்குங்கள், நான் வருகிறேன்.

ஸ்டான்லி நைட் ஷிஃப்ட் (பழைய வண்ணாரப்பேட்டை)

சிவகார்த்திகேயனை ஏன் விட்டுவிட்டீர்கள்? 'கலக்கப்போவது யாரு' மிமிக்ரி, தொகுப்பாளர், '3' படத்தில் தனுஷின் நண்பன். இன்றைக்கு 'அமரன்' வரை வந்துவிட்டார். காமெடியன் ஹீரோவானதில் அவரைவிடப் பெரிய ஆள் யார்?

அகஸ்தியா பால்கனி

அவர் சினிமாவில் காமெடியனாக நிலைக்கவே இல்லையே. '3' வந்த அதே 2012-இல் 'மெரினா'வில் நாயகன். டிவி வழியாக வந்தவர், அது தனிப் பாதை. ஆனால் ஒன்று சொல்லலாம். 'மண்டேலா' எடுத்த மடோன் அஸ்வின்தான் 'மாவீரன்' எடுத்தார். பெரிய ஹீரோவை வைத்துக்கொண்டு ஒரு பயந்தாங்கொள்ளிக் கதையை எழுதினார். குடிசையை இடித்துவிட்டு அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போடுவது, தொட்டால் பூச்சு உதிர்வது எல்லாம் வரும். 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பு பற்றி வந்த செய்தி ஞாபகம் வராமல் அந்தப் படத்தை நம்ம பக்கத்து ஆள் யாரும் பார்த்திருக்க முடியாது. அந்தப் படத்திலும் யோகிபாபு உண்டு, ஓரமாக. 'மண்டேலா'வில் அவர்தான் நாயகன்.

மிண்ட் மணி

யோகிபாபு பெயர் வந்ததால் காசுக் கணக்கையும் பேசிவிடுவோம். நடிப்பு, கதை எல்லாம் அப்புறம்.

பெரிய காமெடியனுக்குச் சம்பளம் நாள் கணக்கு. ஒரு படத்துக்குப் பதினைந்து இருபது நாள் கொடுத்துவிட்டு அடுத்த செட்டுக்குப் போய்விடலாம். காலையில் ஒரு படம், ராத்திரி ஒரு படம் என்றுகூட ஓடியவர்கள் உண்டு. படம் ஊத்திக்கொண்டால் திட்டு ஹீரோவுக்கு, தயாரிப்பாளருக்கு. காமெடியன் மீது ஒரு பழியும் வராது. காமெடி மட்டும் நன்றாக இருந்தது என்று நல்ல பெயர் வேறு.

ஹீரோவானால் மூன்று நான்கு மாதம் ஒரே படத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். தாடி வளர்த்தால் வளர்த்ததுதான், அடுத்த படத்துக்கு எடுக்க முடியாது. புரமோஷனுக்கு ஊர் ஊராகப் போக வேண்டும். வெளியீட்டுக்கு முதல் நாள் ராத்திரி ஃபைனான்ஸ் பிரச்சினை வந்தால் சம்பளத்தை விட்டுக்கொடுப்பவரும் ஹீரோதான். அதனால் இந்த மாற்றம் முதல் சில வருடம் வருமானத்தில் இறக்கம். அதைத் தாங்கும் தைரியம் இருப்பவர்தான் இறங்க முடியும்.

யோகிபாபு இரண்டு படகிலும் கால் வைத்திருக்கிறார். காமெடியும் நிற்கவில்லை, நாயகன் வேஷமும் நிற்கவில்லை. ஐசிஎஃப் ஐயா கேட்ட நாகேஷ் பாணி இவரிடம்தான் இருக்கிறது, ஒருவரும் கவனிக்கவில்லை. ஆனால் சின்னப் படங்கள் அவரைப் பாடாய்ப் படுத்துகின்றன. நாலு காட்சி நடித்தாலும் போஸ்டரில் முழு உருவம் அவருடையதே. அவர்தான் ஹீரோ என்று நம்பிப் போய் ஏமாந்த ஜனம் அவரையே திட்டுகிறது. நான் இதில் ஹீரோ இல்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்ல வேண்டி வந்தது. எந்தக் காமெடியனுக்கு இந்த நிலைமை வந்திருக்கிறது? 'கூர்கா', 'தர்மபிரபு' எல்லாம் விடுங்கள். 'மண்டேலா' 2021 ஏப்ரலில், சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, நேராக விஜய் டிவியில் வந்தது. ஒரே ஒரு ஓட்டுக்காக இரண்டு கட்சிகளும் ஒரு முடிதிருத்துபவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடும் கதை. தேசிய விருதும் வந்தது, அறிமுக இயக்குநருக்கும் வசனத்துக்கும். தியேட்டரில் வந்திருந்தால் அவர் கதையே வேறு.

பழைய ஆபரேட்டர்

தியேட்டரில் வந்திருந்தால் என்று சொல்கிறீர்கள், எந்தத் தியேட்டரில்? 2020-இல் அகஸ்தியாவும் மூடியாகிவிட்டது. பால்கனி தம்பி பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்.

அகஸ்தியா பால்கனி

பெயராவது இருக்கட்டும் அண்ணே.

சந்திரபாபுவை வைத்து ஐயா கேட்டதற்கும், 'கொட்டுக்காளி' பற்றி அக்கா சொன்னதற்கும் ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன். அதற்கு வடிவேலுவிடம் போக வேண்டும்.

அவர் ஒருவரே இரண்டு வழியிலும் போய்ப் பார்த்தவர். 2006-இல் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'. அதில் ராஜாவாக இருந்தாலும் கோழைதான், அடி வாங்குகிற ஆள்தான். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதற்கப்புறம் 'இந்திரலோகத்தில் நா அழகப்பன்', 'தெனாலிராமன்', 'எலி', 2022-இல் 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்'. வடிவேலு பெயரை நம்பி எடுத்தார்கள், வடிவேலு நிற்க ஒரு இடத்தை எழுதவில்லை. அடுத்த வருடமே 'மாமன்னன்'. எம்.எல்.ஏ.வாக இருந்தும் தன் கட்சிப் பிரமுகர் வீட்டில் நாற்காலியில் உட்காராமல் நிற்கிறார். கையைக் கட்டி, முதுகை வளைத்து நிற்கும் அந்த நிற்பை எத்தனையோ படங்களில் பார்த்துச் சிரித்திருக்கிறோம். மாரி செல்வராஜ் அதே உடம்பை எடுத்துக்கொண்டு, ஏன் இப்படி நிற்கிறான் என்று மட்டும் கேட்டார். சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது.

சந்திரபாபுவுக்கு அப்படிக் கேட்கும் டைரக்டர் வரவில்லை. 'கொட்டுக்காளி' பாண்டிக்கும் இது பொருந்தும் அக்கா. அதுவரை அடி வாங்கிய உடம்பு வீட்டுக்குள் போனால் யாரை அடிக்கும் என்று வினோத்ராஜ் கேட்டிருக்கிறார். என் கணக்கை அந்தப் படம் உடைக்கவில்லை, கூடுதலாக ஒரு பக்கம் எழுதியிருக்கிறது.

மதுரைக்காரி

இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். படத்தை இன்னொரு தடவை பார்க்கிறேன்.

ஸ்டான்லி நைட் ஷிஃப்ட்

காத்து 'பாரிஸ் ஜெயராஜ்' பற்றிச் சொன்னதைத் திரும்பப் படித்தேன். ஒரு விஷயம் உறுத்துகிறது.

நம்ம பேச்சு சினிமாவில் நுழைந்ததே காமெடியன் வாய் வழியாகத்தான். 1958-இல் 'சபாஷ் மீனா'வில் சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராக மெட்ராஸ் பாஷை பேசினார். அப்புறம் தேங்காய், லூஸ் மோகன் என்று வரிசை. ஹீரோ செந்தமிழோ பொதுத்தமிழோ பேசுவார், பக்கத்தில் நிற்கும் நம்ம ஆள் பேசினால் சிரிப்பு. 'புதுப்பேட்டை', 'மெட்ராஸ்', 'வடசென்னை' வந்தபோது பேச்சு ஹீரோவுக்கும் வந்தது, கூடவே ரத்தமும் வந்தது. இரண்டில் ஒன்றுதானா நமக்கு? ஹீரோ ஆன ஒரு காமெடியன் வடசென்னைக்காரனாக, சிரிக்க வைத்துக்கொண்டே, யாரையும் குத்தாமல் ஒரு முழுப்படம் நிற்க முடிந்தால் அது பெரிய காரியம். 'பாரிஸ் ஜெயராஜ்' அதற்கு முயற்சி செய்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் கானா ஜிகினா மாதிரி மேலே ஒட்டியிருந்தது. சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிற ஆளுக்குத் தொண்டை எப்படி இருக்கும், மறுநாள் சோற்றுக்கு என்ன செய்வான், இதெல்லாம் படத்தில் இல்லை. காதலும் ஆள்மாறாட்டமும்தான் ஓடின.

காசிமேடு காத்து

அதைச் செய்தால் அது சூரி படம் ஆகிவிடும், சந்தானம் படம் ஆகாது. அவர் படத்துக்கு நான் சிரிக்கப் போகிறேன். விடியற்காலையில் மீன் ஏலம் முடித்துவிட்டு வரும் ஆளுக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் சிரிக்கக் கிடைத்தால் போதும். எல்லாக் காமெடியனும் நம்மை அழ வைத்துத்தான் நடிகன் என்று நிரூபிக்க வேண்டுமா? அழ வைத்தால் விருது, சிரிக்க வைத்தால் வெறும் காமெடியன் என்கிற கணக்கே எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய ஆபரேட்டர்

இதற்கு என்னிடம் பதில் இல்லை. 'மகளிர் மட்டும்' படத்தில் நாகேஷ் பிணமாக நடித்தார். ஒரு வசனம் கிடையாது. அந்த ரீலில் ஒருத்தரும் வெளியே போகவில்லை.

மிண்ட் மணி

சந்தானம் மறுபடி சிம்புவோடு காமெடியனாக வருகிறார் என்று பூஜை போட்ட செய்தியைப் பார்த்தீர்களா? 2004-இல் 'மன்மதன்' வழியாக அவரைச் சினிமாவுக்குக் கொண்டுவந்ததே சிம்புதான். அப்படி ஒன்று நடந்தால் ஐசிஎஃப் ஐயா சொன்ன சாத்திய கதவு திறக்கிறது என்று அர்த்தம்.

ஐசிஎஃப் குவார்ட்டர்ஸ்

படம் வந்து, பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பூஜையோடு நின்ற படங்கள் நிறையப் பார்த்தாயிற்று.

அகஸ்தியா பால்கனி

சூரிக்கு அடுத்து 'மண்டாடி'. மதிமாறன் புகழேந்தி இயக்கம், பாய்மரப் படகுப் போட்டி, மீனவர் வேஷம். அடி வாங்குகிற ஆளைப் போட்டியில் ஜெயிக்கிற ஆளாக மாற்றுகிறார்கள் போலத் தெரிகிறது. என் கணக்குப்படி இது ஆபத்தான இடம். காத்து, உங்கள் தொழில் சம்பந்தப்பட்ட படம். முதல் நாள் நீங்கள் வருகிறீர்களா?

காசிமேடு காத்து

வருவேன். இங்கே எல்லாம் இன்ஜின் போட்ட ஃபைபர் படகு, விசைப்படகுதான். பாய் கட்டுவது அந்தப் போட்டி நடக்கிற பக்கத்து ஆட்களுக்குத்தான் கைவரும், அதில் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அலை மேலே படகில் எழுந்து நிற்கும்போது கால் எப்படி ஊன்றுகிறார் என்று பார்ப்பேன். டப்பிங்கிலோ கிராபிக்ஸிலோ அதை மறைக்க முடியாது. கால் சரியாக இருந்தால் டிக்கெட் காசு என்னுடையது, இல்லையென்றால் உங்களுடையது.

அகஸ்தியா பால்கனி

சம்மதம். ஐட்ரீம், காலைக் காட்சி. ஆபரேட்டர் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், நடுவர் வேண்டுமே.